தை மாதத்தில் கரை ஒதுங்கிய பங்குனி ஆமைகள்

2025 ஜனவரி. பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். லீவு மிச்சம் இருந்ததால் விடிகாலையில் எழுந்து சென்னை ஊரூர் குப்பத்திலிருந்து தெற்கே நடந்துகொண்டிருந்தேன். தூரத்தில் நாலைந்து நாய்கள் எதையோ சுற்றி நின்றன. கிட்டே போனால் ஆமை. ஓடு மட்டும் இரண்டு அடிக்கு மேல் இருக்கும், நல்ல வளர்ந்த பெண் ஆமை. கண் இரண்டும் பிதுங்கியிருந்தது, கழுத்து வீங்கியிருந்தது, உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. நாயை விரட்டிவிட்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்லும் நண்பருக்குப் போட்டோ அனுப்பிவிட்டு நடந்தேன். ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. திருவான்மியூர் வருவதற்குள் ஏழு. அதற்கு மேல் எண்ண மனம் வராமல் திரும்பிவிட்டேன்.

ஒன்றிரண்டு ஆமை செத்து ஒதுங்குவது ஒவ்வொரு வருடமும் பார்ப்பதுதான். ஆனால் அந்த மாதம் நடந்தது வேறு. மெரினாவில், நீலாங்கரையில், கோவளத்தில், அதற்குத் தெற்கே செங்கல்பட்டுக் கரையில் என்று தினமும் செய்தி வந்தது. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் யாரும் மனுப் போடாமல் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. கண் பிதுங்குவதும் கழுத்து வீங்குவதும் மூச்சுத் திணறிச் செத்ததற்கான அடையாளம் என்று கால்நடை மருத்துவர்கள் விளக்கினார்கள். கடலிலேயே பிறந்து கடலிலேயே வளர்ந்த உயிர் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று என் அம்மா கேட்டார். சாகும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் அங்கே வர முடியும்.

நான் ஆமை நடைக்குப் போக ஆரம்பித்து நாலு சீசன் ஆகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் கடைசி வரை, சில வருடம் ஏப்ரலிலும், பங்குனி ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட வரும். ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள், தமிழில் சிற்றாமை என்றும் ஒரு பேர் உண்டு. எனக்குப் பங்குனி ஆமைதான் பிடித்திருக்கிறது, பேரிலேயே மாதம் இருக்கிறது. சென்னையில் இந்த நடை 1970-களிலேயே தொடங்கிவிட்டது. பாம்புப் பண்ணையில் இருந்த ரோமுலஸ் விட்டேகரும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் ராத்திரியில் கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடினார்கள். அப்போது முட்டையை மனிதர்களே எடுத்துத் தின்பதும் விற்பதும் சாதாரணம். சதீஷ் பாஸ்கர் அந்தக் கூட்டத்தில் வந்தவர்தான். அதற்கப்புறம் அவர் லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார் என்று இந்தியக் கரைகளைப் பெரும்பாலும் காலால் நடந்தே அளந்து, எந்த ஆமை எங்கே வருகிறது என்பதைப் பதிவு செய்தார். 1988-ல் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அது இன்றைக்கும் நடக்கிறது. நீலாங்கரையில் நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டால் பெசன்ட் நகர் வந்து சேர விடிகாலை ஆகிவிடும். ஏழு கிலோமீட்டர்தான், ஆனால் மணலில் ஏழு கிலோமீட்டர்.

டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அலை ஏறி இறங்கும் ஈர மணலை ஒட்டி நடக்க வேண்டும். ஆமை ஏறியிருந்தால் தடம் தெரியும், சின்ன டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து திரும்பிப் போன மாதிரி இரண்டு வரி. தடம் முடிகிற இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். கையில் இருக்கிற கம்பை மெதுவாக ஊன்றிப் பார்ப்பார்கள், இறுகிய மணலில் நிற்கும், குழிக்கு மேலே பொதக்கென்று இறங்கும். அந்தப் பொதக்கை உணர்வதற்கு ஒரு கை வேண்டும், எனக்கு இன்னும் வரவில்லை, முட்டையைக் குத்திவிடுவேனோ என்ற பயத்தில் கம்பைப் பெரியவர்களிடமே கொடுத்துவிடுவேன். முழங்கை வரை உள்ளே விட்டுத் தோண்டினால் குடம் மாதிரி, கழுத்து குறுகி அடி அகன்ற குழி. பின்கால்களை மட்டும் வைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்த ஆமை அதைத் தோண்டியிருக்கிறது. உள்ளே நூறு, நூற்றிருபது முட்டை. பிங்பாங் பந்து அளவு, தொட்டால் அமுங்கும், கோழிமுட்டை மாதிரி உடையாது.

முட்டையை ஏன் எடுக்க வேண்டும், அங்கேயே விட்டால் என்ன என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். மனிதர் தொந்தரவு இல்லாத கரையாக இருந்தால் விட்டுவிடுவதுதான் சரி. ஆனால் இது சென்னை. விடிவதற்குள் நாய் தோண்டிவிடும். நாய்க்குத் தப்பினாலும் குஞ்சு வெளியே வரும்போது தெருவிளக்கு இருக்கிறது. குஞ்சுக்குத் தெரிந்த ஒரே விதி, வெளிச்சமான பக்கம் போ என்பது. விளக்கே இல்லாத காலத்தில் வெளிச்சமான பக்கம் என்றால் அது கடல்தான், வானமும் நட்சத்திரமும் தண்ணீரில் பட்டு மினுங்குகிற பக்கம். இன்றைக்கு வெளிச்சம் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. நூறு குஞ்சும் வரிசையாக ரோட்டைப் பார்த்து நடந்துபோன தடத்தை ஒருமுறை பார்த்தேன். தடத்தின் முடிவில் காக்கைகள் இருந்தன. அதனால்தான் எடுக்கிறார்கள். அதுவும் இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், நேரம் போனால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகும். துணிப்பையில் அந்தக் குழி மணலையே கொஞ்சம் போட்டு, முட்டைகளை அடுக்கி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு பொரிப்பகத்துக்கு நடப்பார்கள். அங்கே அதே ஆழத்தில், அதே குடம் வடிவில் கையாலேயே குழி தோண்டி வைத்து, நாள், இடம், எண்ணிக்கை எல்லாம் குறித்துக்கொள்வார்கள்.

நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாள். அந்த மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29, 30 டிகிரியை ஒட்டி ஒரு கோடு இருக்கிறது, அதற்கு மேலே சூடு ஏற ஏறப் பெண் அதிகம், கீழே குறையக் குறைய ஆண் அதிகம். ரொம்பச் சூடாகிவிட்டால் முட்டை வெந்த மாதிரி வீணாகிவிடும். அதனால் பங்குனி வெயில் ஏறும்போது மேலே நிழல் கட்டுவார்கள். இதை முதலில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோடை ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போகிற ஊரில், ஆண் ஆமை பிறப்பதற்குக்கூட ஒரு கீற்றுக்கொட்டகை வேண்டியிருக்கிறது.

நெய்தல் நிலத்தில் நம் ஆட்கள் இதையெல்லாம் பார்த்திருக்கிறார்கள். சங்கப் பாட்டு ஒன்றில், நிறைசூல் கொண்ட ஆமை அடும்புக் கொடியைச் சிதைத்து, வெண்மணலில் முட்டையிட்டு மறைத்துவிட்டுப் போகிறது, குஞ்சு வரும்வரை ஆண் ஆமை அதைக் காக்கிறது என்று வரும். காவல் காப்பது மட்டும் உண்மையில் நடப்பதில்லை, குஞ்சாகக் கடலுக்குள் போன ஆண் ஆமை அதற்கப்புறம் கரையேறுவதில்லை. ஆனால் மற்றதெல்லாம் அப்படியே. அடும்பு இன்றைக்கும் நீலாங்கரைக்குத் தெற்கே அங்கங்கே மணல்மேட்டில் படர்ந்திருக்கிறது, ஊதாப் பூவோடு. அந்தக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இருக்கிற இடத்தில்தான் மணல் மேடாக நிற்கிறது, அந்த மேடு இருக்கிற இடத்தில்தான் அலை ஏறாத உயரத்தில் ஆமைக்கு இடம் கிடைக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை போய்ப் பாருங்கள். துறைமுகம் வந்தபிறகு வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது, மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடசென்னைக் கரை அரித்துக்கொண்டே போனது. வீட்டைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். அந்த ஜனங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, ஆனால் அந்தக் கல்லில் ஆமை ஏறாது.

சரி, குஞ்சு விடுகிற சாயங்காலத்துக்கு வருகிறேன். பெசன்ட் நகர்க் கரையில் நூற்றுக்கணக்கில் கூட்டம் நிற்கும். குழந்தைகள் அப்பா தோளில். கூடையைக் கவிழ்த்ததும் கட்டைவிரல் நீளக் குஞ்சுகள் துடுப்பை அடித்துக்கொண்டு ஓடும். தூக்கிப்போய்த் தண்ணீரில் விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள், அப்படிச் செய்யக் கூடாது, அந்தக் கொஞ்ச தூரத்தை அவை நடந்தேதான் போக வேண்டும். முதல் அலை ஒன்றைப் புரட்டிப்போடும், திரும்ப எழுந்து ஓடும், இரண்டாவது அலை எடுத்துக்கொண்டு போய்விடும். கூட்டம் கை தட்டும். நானும் தட்டியிருக்கிறேன். என் அக்கா மகள் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 2025 ஜனவரிக்கு அப்புறம் ஒரு கணக்கு மண்டையை விட்டுப் போக மறுக்கிறது. ஆயிரம் குஞ்சு கடலுக்குள் போனால் ஒன்று வளர்ந்து பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். முட்டையிடுகிற வயது வர பத்துப் பதினைந்து வருடம். அப்படியானால் அன்று காலை நான் எண்ணிய ஏழு ஆமைக்கு ஈடுகட்ட ஏழாயிரம் குஞ்சு வேண்டும். அறுபது எழுபது குழியை ராத்திரி ராத்திரியாகத் தேடி எடுத்து, நாய்க்கும் வெயிலுக்கும் தப்பவைத்து, கை தட்டிக் கடலில் விட வேண்டும். அதுவும் ஏழுக்கு. ஆயிரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த எல்லாப் பொரிப்பகத்தின் உழைப்பையும் ஒரே மாதத்தில் கடல் திருப்பித் துப்பிவிட்டது. பிரேதப் பரிசோதனைக்காகக் கரையிலேயே ஒரு ஆமையை மருத்துவர் அறுத்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன், உள்ளே இன்னும் இடாத முட்டைகள் இருந்தன. வெள்ளை ஓடு கட்டி, இட வேண்டிய நாள் நெருங்கி.

எப்படிச் சாகின்றன? ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுக்கிற மடி, அதாவது பை மாதிரியான பெரிய வலை, கடலடியைத் துடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போகும். முட்டையிட வந்த ஆமைகள் கரைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், இறாலும் அங்கேதான், மடியும் அங்கேதான். உள்ளே மாட்டிய ஆமை வெளியே வரப் பதறும், பதறப் பதற உள்ளே இருக்கிற காற்று சீக்கிரம் தீரும். வலையைத் தூக்கும்போது பாதி செத்திருக்கும், பாதி மயங்கியிருக்கும். இங்கேதான் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. மயங்கிய ஆமையை அப்படியே தூக்கிக் கடலில் எறிந்தால் மூழ்கிச் செத்துவிடும். அதையே படகின் மேல்தட்டில் நிழலில் வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஈரத் துணி போட்டு விட்டுவைத்தால் சில மணி நேரத்தில், சில சமயம் ஒரு நாளில்கூட, பிழைத்துக்கொள்ளும். ஒரு பைசா செலவில்லை. படகில் போகிற ஒவ்வொருவருக்கும் இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், விசைப்படகு இழுவை மடி போடக் கூடாது. வலைக்குள் பொருத்துகிற ஆமை விலக்கிக் கருவி என்று ஒன்று இருக்கிறது. சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், இறாலும் மீனும் கம்பி இடுக்கு வழியே பைக்குள் போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டி அங்கே இருக்கிற திறப்பு வழியே வெளியே போய்விடும். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரி ஒன்றை எப்போதோ செய்துவிட்டது. மீனும் கொஞ்சம் வெளியே போய்விடும் என்று படகுக்காரர்கள் போட மறுக்கிறார்கள். இதனாலேயே 2019 முதல் நம் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை, வளர்ப்பு இறாலை மட்டும் வாங்குகிறது. நஷ்டம் இரண்டு பக்கமும்.

இன்னொன்று, மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை அது, நல்ல தடை. ஆனால் தேதியைப் பாருங்கள். தடை தொடங்கும்போது ஆமை சீசன் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தையிலும் மாசியிலும் அவை கரையோரம் நெருங்கி நிற்கும்போது கடலில் படகு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒடிசாவில் கஹிர்மாதா, ருசிகுல்யா, தேவி ஆற்று முகத்துவாரங்களில் நவம்பர் முதல் மே கடைசி வரை ஏழு மாதம், கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. அங்கே லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறும், நமக்கு அப்படி வருவதில்லை, அதனால் அதை அப்படியே இங்கே கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்த மூன்று மாதமாவது 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வராமல் உண்மையாகவே பார்த்துக்கொண்டால் போதும் என்கிறேன். புதுச் சட்டம்கூட வேண்டாம்.

இதைச் சொன்னால் மீனவர்களைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். கரையில் ஃபைபர் படகு வைத்திருக்கிற ஒரு பெரியவர், அவரிடம்தான் நான் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவேன், அந்த ஜனவரியில் வலை பிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வலையில ஆமை மாட்டுனா வலைய அறுத்து வுட்டுருவோம் பாப்பா. வலை போனா தைச்சுக்கலாம். அது சாமி." நான் கேட்டேன், "அப்போ இவ்வளவு ஆமை எப்படிண்ணே?" அவர் கையை நீட்டிக் கடலைக் காட்டினார். "ராத்திரில வந்து பாரு. பெரிய போட்டு எவ்ளோ கிட்ட வருதுன்னு பாரு. ஆமை சாவுற எடத்துல எங்களுக்கும் மீன் இல்ல. என் வலையவே ரெண்டு வாட்டி இழுத்துக்கினு போயிட்டானுங்க." அன்று காலை அவர் வீட்டுப் பெண்கள் கரை ஒதுங்கிய ஒரு ஆமைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விசைப்படகில் கூலிக்குப் போகிறவரையும் நான் குற்றம் சொல்லத் தயாரில்லை. டீசல் விலையும் கடனும் அவரைக் கரைக்குத் துரத்துகிறது, வெளிக்கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்பினால் யார் கொடுப்பார்கள்? அவருக்குக் கருவி வாங்க மானியமும், மீன் குறைகிற நாளுக்கு ஈடும் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஆமை போனால் என்ன என்று வெளிப்படையாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வகை ஆமைக்கும் கடலில் ஒரு வேலை இருக்கிறது. பேராமை பாக் நீரிணையில் கடற்புல்லை மேய்கிறது, வயலில் மாடு மேய்கிற மாதிரி, நுனி கடித்த புல் திரும்பத் துளிர்க்கிறது. அந்தப் புல்வெளியில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன, ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கும் அதுதான் சோறு. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்று காப்பகமாக அறிவித்தார்கள், அது ஆமைக்கும் சேர்த்துத்தான். அலுங்காமை பவளப்பாறையில் கடற்பஞ்சுகளைத் தின்று பவளத்துக்கு இடம் விடுகிறது. நம் பங்குனி ஆமை நண்டு, நத்தை, இறால், சொறிமீன் எல்லாம் தின்னும். சொறிமீன் வலை நிறைய ஏறிவந்து கை எரியப் பிரிக்கிற மீனவரிடம் கேட்டுப் பாருங்கள், அதைத் தின்கிற உயிர் கடலில் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு இந்தக் கணக்கெல்லாம் இரண்டாவதுதான். பயன் இருந்தால்தான் வாழலாம் என்று ஒரு உயிரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த வருடம் பிப்ரவரியில் ஒரு ராத்திரி, கொட்டிவாக்கம் தாண்டியிருப்போம், முன்னால் போனவர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். பத்தடி தள்ளி மணலில் ஒரு ஆமை. நாலு வருடத்தில் முட்டையிடும்போது நான் நேரில் பார்த்தது அன்றுதான். அப்படியே உட்கார்ந்துவிட்டோம். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, அது அழுகை இல்லை, உடம்பில் சேர்ந்த உப்பைக் கண் ஓரத்துச் சுரப்பி வெளியேற்றுகிறது, எனக்குத் தெரியும், இருந்தாலும் பார்க்க முடியவில்லை. இட்டு முடித்ததும் குழியை மூடி, உடம்பை வலமும் இடமும் சாய்த்துச் சாய்த்துத் தட்டி மணலை இறுக்கியது, அம்மி அரைக்கிற தாளத்தில், தட் தட் என்று. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனது. மூன்று அலையில் மறைந்துவிட்டது.

எல்லோரும் குழியைத் தோண்டக் குனிந்தார்கள். நான் மட்டும் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்குகள் தெரிந்தன. தொடுவானத்தில் இல்லை, அதற்கு ரொம்ப இந்தப் பக்கம். காற்று நின்றபோது எஞ்சின் சத்தம் கேட்டது. நாலு படகு எண்ணினேன். பின்னால் ஒருவர் முட்டையை எண்ணிக்கொண்டிருந்தார், நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பன்னிரண்டு. குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார்கள். 112 என்று எழுதினேன், இடமும் நேரமும் எழுதினேன், படகு நாலு என்றும் ஓரத்தில் எழுதிவைத்தேன், அதற்குத் தனிக் கட்டம் எதுவும் அந்தத் தாளில் இல்லை.